துரை பங்களா வராந்தாவில் ஒரு நாலு மணி டீ

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு 1,200 ரூபாய், இரண்டு பேருக்கு வரியோடு 2,520. போடியிலிருந்து போக வர ஜீப் வாடகை தனி. இவ்வளவு பணம் கொடுத்து ஒரு டீ குடிக்கலாமா என்று கேட்டால் என் பதில் இரண்டாகப் பிரியும். அம்மாவை அந்த வராந்தாவில் உட்காரவைத்துப் பார்த்ததற்கு இன்னொரு மடங்கு கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். டீக்கு மட்டும் என்றால், முதலில் வந்த டீக்கு ஐந்து ரூபாய்கூடக் கொடுக்க மனசு வராது. இரண்டாவதாக வந்ததற்கு முழுசாகக் கொடுப்பேன். இது ஏன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

இடத்தின் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது, அங்கே வேலை பார்க்கிற பையன்களுக்கு அதனால் கஷ்டம் வரக்கூடாது. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி, கேரள எல்லையைத் தாண்டி, பூப்பாறையில் மூணாறு ரோட்டைப் பிடித்துப் போனால் ஆனையிறங்கல் அணை வரும். அதற்கு மேலே தேயிலைக்கு நடுவில் பழைய துரை பங்களா ஒன்றைத் தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். தங்காதவர்களும் சாயங்காலம் மூன்றரையிலிருந்து ஐந்தரை வரை டீ குடிக்க வரலாம், முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

எனக்கு இந்த இடத்தில் ஏன் அக்கறை என்றால், என் அப்பா இது போன்ற ஒரு பங்களாவில்தான் பட்லராக இருந்தார். எங்கள் எஸ்டேட்டின் சின்ன துரை பங்களா. அப்பா சேரும்போதே வெள்ளைக்காரத் துரைகள் போய்விட்டார்கள், நம் ஊர்த் துரைகள்தான். ஆனால் நாலு மணி டீ மட்டும் அப்படியே இருந்தது. அம்மா அதே எஸ்டேட்டில் 31 வருஷம் கொழுந்து எடுத்தார். வேலை முடிந்தால் லயத்து வீட்டை, அதாவது எஸ்டேட் தொழிலாளர்களுக்குக் கொடுக்கிற வரிசை வீட்டை, காலி செய்ய வேண்டும், அதனால் கீழே போடிக்கு வந்து சேர்ந்தோம். அப்பா காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. நான் ஏலக்காய்க் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன்.

போன மாசம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது. கட்டுப் பிரித்த நாலாம் நாள், மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்த்துவிட்டு, "மலை தனித்தனியாத் தெரியுது" என்றார். ஒரு தடவை மேலே கூட்டிப்போக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். என் மகன்தான் இந்தப் பங்களாவின் அட்டையைப் போனில் காட்டினான். 'ராயல் ஹை டீ' என்று போட்டிருந்தது. மூன்று தட்டு அடுக்கு, ரோஜாப்பூப் போட்ட கோப்பை, பின்னால் தேயிலை மலை.

அந்தப் பெயரிலிருந்துதான் எனக்கு வருத்தம் ஆரம்பித்தது. ஹை டீ என்றால் நம் ஊரில் ஒவ்வொருவரும் ஒன்று நினைக்கிறோம். என் மகனுக்கு அது மூன்று தட்டு அடுக்கு. கல்லூரி விழா அழைப்பிதழில் 'நிகழ்ச்சிக்குப் பின் ஹை டீ' என்று போட்டால் சமோசா, கேசரி, ஒரு கப் டீ. பெரிய ஹோட்டல்களில் சாயங்கால பஃபே. அப்பா மட்டும் இதில் கண்டிப்பாக இருப்பார். "நாலு மணிக்குத் துரை குடிக்கிறது ஆஃப்டர்நூன் டீ. ஹை டீன்னா அது ராச்சாப்பாட்டுக் கணக்கு, ரெண்டையும் குழப்பாதே" என்பார். அவருக்கு முந்தின பட்லர் சொல்லிக் கொடுத்தது.

அப்பா சொன்னது சரிதான். இங்கிலாந்துக்கு டீ முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. 1662-இல் போர்ச்சுகலில் இருந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன கேத்தரின், அரண்மனையில் அதை நாகரிகமாக்கினார். நம் பம்பாயை வெள்ளைக்காரர்களுக்குச் சீதனமாகக் கொண்டுபோனதும் இதே பெண்தான். ஆனால் மத்தியானத்துக்குப் பிறகு உட்கார்ந்து குடிக்கிற அந்த டீ பிறந்தது 1840 வாக்கில். பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னா, விக்டோரியா மகாராணிக்குத் தோழியாக இருந்தவர். அந்தக் காலத்தில் பெரிய வீடுகளில் ராச்சாப்பாடு எட்டு மணியைத் தொட்டுக்கொண்டிருந்தது, மதியமோ லேசான சாப்பாடு. நாலைந்து மணிக்கு உடம்பு அப்படியே தளர்ந்துபோகிறது என்று தன் அறைக்கே டீயும் ரொட்டியும் வெண்ணெயும் வரவழைத்தார், பிறகு தோழிகளையும் கூட்டிக்கொண்டார் என்பது அங்கே வழிவழியாகச் சொல்கிற கதை. சோபாவுக்குப் பக்கத்தில் தாழ்வான மேசை, மெல்லிய கோப்பை, விரல் நீள ரொட்டித் துண்டு. அதுதான் ஆஃப்டர்நூன் டீ.

ஹை டீ வேறு வீட்டுக் கதை. மில்லிலும் சுரங்கத்திலும் பகலெல்லாம் உழைத்துவிட்டு ஐந்து, ஆறு மணிக்கு வீடு திரும்புகிறவர்களுக்கு அப்போதே வயிறு நிறைய வேண்டும். இறைச்சி, ரொட்டி, பாலாடைக்கட்டி, உருளைக்கிழங்கு, கூடவே திடமாக ஒரு பெரிய குவளை டீ. உயரமான சாப்பாட்டு மேசையில் வைத்துச் சாப்பிட்டதால் அந்தப் பெயர் என்று சொல்வார்கள்.

ஜீப்பில் வளைவு ஏறிக்கொண்டே இதை அம்மாவுக்குச் சொன்னேன். சீமாட்டி கதையைக் கேட்டதும், "நாலு மணிக்கு எல்லாருக்கும்தான் அடிவயிறு இழுக்கும். கொழுந்து நிறுவைக்கு வரிசையில நிக்கிறப்ப கண்ணு இருட்டிக்கிட்டு வரும்" என்றார். ஹை டீ கதையைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்ப ஹை டீன்னா நாம குடிச்சதுதான்டி" என்றார்.

எனக்கு மேனி சிலிர்த்துவிட்டது. காலையில் மஸ்டருக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய், மலையேறி, சாயங்காலம் நிறுவை முடிந்து லயத்துக்கு வரும்போது மணி ஐந்தரை ஆகும். அவித்த கப்பக்கிழங்கு, அம்மியில் நசுக்கிய மிளகாய், ஒரு லோட்டா கட்டன், பால் சேர்க்காத டீ. சில நாள் கிழங்குக்குப் பதில் காலையில் மிஞ்சிய கஞ்சி. தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம், மேசை கிடையாது. ஆனால் அந்த மில் தொழிலாளி வீட்டு மேசையில் இருந்தது எதுவோ அதுதான் எங்கள் வீட்டிலும் இருந்தது. பங்களாவில் அப்பா டீபாட்டுக்குக் கம்பளிக் குல்லா போட்டு மூடிக் கொண்டுபோனது சீமாட்டி டீ. அப்பாவும் அம்மாவும் ஒரே வீட்டில் இந்த இரண்டுக்கும் நடுவே இருந்திருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆகவே அந்தப் பங்களாக்காரர்களுக்கு என் முதல் வேண்டுகோள்: அட்டையில் பெயரை மாற்றுங்கள். நீங்கள் தருவது ஆஃப்டர்நூன் டீ. தமிழில் நாலு மணி டீ என்று போட்டாலும் அழகாகத்தான் இருக்கும்.

போய்ச் சேர்ந்தோம். வாசலில் ஒன்பது கல்படி, பிடிமானம் கிடையாது. வயசானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் கவனிக்க வேண்டும். சமையற்கட்டுப் பக்கம் ஒரு சரிவுப் பாதை இருக்கிறது, அப்படியே அழைத்துப் போகிறோம் என்று ஒருவர் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அம்மா தலையை ஆட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு முன்படி ஒவ்வொன்றாக ஏறினார். சமையற்கட்டுப் பக்கப் பாதை அம்மாவுக்கு வாழ்நாளெல்லாம் தெரிந்த பாதை. அப்பா வேலை பார்த்த பங்களாவில் தீபாவளிக்கு இனாம் வாங்கப் போனாலும் பின்வாசலோடு சரி. வராந்தாவின் சிவப்புத் தரையை வாசலில் இருந்து பார்த்திருக்கிறார், மிதித்ததில்லை.

இங்கேயும் அதே சிவப்புத் தரை. பளபளவென்று மெழுகிட்டு வைத்திருக்கிறார்கள். பிரம்பு நாற்காலி, மெத்தை புதுசு. மேசை தாழ்வானதாகவே போட்டிருந்தார்கள், அது எனக்குப் பிடித்தது. மேசை விரிப்பில் கஞ்சி போட்டு இஸ்திரி செய்த மடிப்பு அப்படியே நின்றது. எதிரே சரிவு முழுக்கத் தேயிலை, கீழே அணைத் தண்ணீர், அதற்கு அந்தப் பக்கம் மலை. மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அப்புறம் டீ வந்தது.

வெள்ளைப் பீங்கான் டீபாட், கூட இரண்டு கோப்பை, பால், சர்க்கரை. மூடியைத் திறந்து பார்த்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு டீபேக் மிதந்தன. நூலில் கட்டிய காகிதம் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. நாலு பக்கமும் தேயிலை. கை நீட்டினால் செடி. அங்கே உட்காரவைத்து டீபேக்! எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் வந்தது. கோப்பையில் ஊற்றினால் நிறம் இருந்தது, வாசனை இல்லை. பைக்குள் போடுவது பெரும்பாலும் பொடிசாக உதிர்ந்த தூள்தான். அது சட்டென்று நிறத்தை விட்டுவிடும். நம் ஊர் டீக்கடையில் அதே டஸ்ட் தூளைக் கொதிக்கிற வெந்நீரில் பையில் போட்டு, பால் சேர்த்து ஆற்றினால் அருமையாக இருக்கும், அதற்கென்றே பிறந்த தூள் அது. பீங்கான் பாத்திரத்தில் ஆறிய தண்ணீரில் போட்டால் என்ன செய்யும்?

அப்பா டீ போடுவதை நான் பத்து வயசில் பங்களா அடுக்களையில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் டீபாட்டில் வெந்நீர் ஊற்றி, நாலு தடவை சுழற்றிக் கொட்டுவார், பாத்திரம் சூடாகிவிடும். ஆளுக்கு ஒரு சின்னக் கரண்டி இலை, பாத்திரத்துக்கு என்று கூட ஒன்று. தண்ணீர் அடுப்பில் தளதளவென்று கொதிக்கும்போதே டீபாட்டை அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விடுவார். தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் பாத்திரம் போக வேண்டும், பாத்திரம் இருக்கும் இடத்துக்குத் தண்ணீர் வரக்கூடாது. மேலே கம்பளிக் குல்லா. கீழ்நாட்டில் மூன்று நிமிஷம் போதும் என்பார்கள், அப்பா ஐந்து நிமிஷம் விடுவார். "மலையில தண்ணி சீக்கிரம் கொதிச்சிரும், ஆனா சூடு பத்தாது. அதுக்குச் சேத்து ஊற விடணும்" என்பார். 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்று நான் பிறகு பள்ளிக்கூடத்தில் படித்தேன். அப்பா நாலாம் வகுப்பு. கை வழியாகத் தெரிந்துவைத்திருந்தார்.

பரிமாற வந்த பையனுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும். "தம்பி, இலைத் தேயிலை இருக்குதா? கொதிக்கிற தண்ணியில போட்டுக் கொண்டுவர முடியுமா?" என்று கேட்டேன். ஒரு நிமிஷம் தயங்கினான். "இருக்குதுக்கா. யாரும் கேக்குறதில்ல. போட்டோ எடுத்துட்டு ஆற வச்சுத்தான் குடிக்கிறாங்க, அதனால பேக்கே போதும்னு சொல்லிட்டாங்க" என்றான். சூரியநெல்லிப் பக்கத்துப் பையன். அவன் பாட்டியும் கொழுந்து எடுத்தவராம். அம்மாவிடம் எந்த எஸ்டேட், எந்த டிவிஷன் என்று கேட்டுக்கொண்டே பழைய டீபாட்டை எடுத்துப் போனான்.

அடுத்த டீ வர பன்னிரண்டு நிமிஷம் ஆனது. பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. சூடுபடுத்தித்தான் போட்டிருக்கிறான். மடித்த துண்டு ஒன்றை மேலே சுற்றியிருந்தான். குல்லா இல்லாததற்கு அவனாகச் செய்த ஏற்பாடு. முறுக்கிய முழு இலை, ஆர்த்தடாக்ஸ் முறையில் செய்தது. கோப்பையில் ஊற்றியபோது தேன் நிறம், கொஞ்சம் சிவப்பு கலந்தது. அம்மா பால் ஊற்றவிடவில்லை. கோப்பையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "ஃபேக்டரியில இலை வாட்டுற வாசம்" என்றார். ராத்திரி காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் லயம் முழுக்க அந்த வாசனை வரும், எனக்கும் நினைவிருக்கிறது. பச்சை இலை வதங்கும்போது ஒரு பழ வாசம் கிளம்பும்.

எங்களுக்கு எஸ்டேட்டில் கிடைத்ததெல்லாம் டஸ்ட் தூள்தான். அப்பா பங்களாவிலிருந்து ஒரு சிட்டிகை கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. அந்த விஷயத்தில் அப்படி ஒரு பிடிவாதம். 31 வருஷம் கிள்ளிப்போட்ட இலையை இலையாகவே ஊறவைத்து அம்மா குடித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. மூன்று கோப்பை குடித்தார். இரண்டாவதுக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டார், மூன்றாவது மறுபடி வெறுமனே.

இனி அந்த மூன்று தட்டு. கீழ்த்தட்டிலிருந்து மேலே போக வேண்டும் என்பது முறை: உப்பு முதலில், ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டி நடுவில், இனிப்பு கடைசியில். கீழ்த்தட்டில் வெள்ளரிக்காய் சாண்ட்விச், முட்டை சாண்ட்விச், ஒரு குட்டி வெங்காய வடை. ஓரம் வெட்டிய ரொட்டி, வெள்ளரி மெல்லிசாக, உப்புப் போட்டுத் தண்ணீரைப் பிழிந்துவிட்டிருக்கிறார்கள். இந்தக் கை தெரிந்த கை. ஆனால் முன்னாலேயே வெட்டி வைத்ததால் ரொட்டி விளிம்பு காய்ந்துவிட்டது. ஈரத்துணி போட்டு மூடியிருந்தால் இந்தக் குறை வந்திருக்காது. வெங்காய வடையை யார் சேர்த்தார்களோ நன்றாகச் சேர்த்தார்கள். எங்கள் சின்ன துரை பங்களாவிலும் மழைக்காலத்தில் சாண்ட்விச்சோடு பஜ்ஜியும் போகும். மலைக்கு வந்த டீ மலைக்கு ஏற்றபடி கொஞ்சம் மாறிக்கொண்டது.

ஸ்கோன் சுமார். மைதாவும் வெண்ணெயும் சேர்த்துச் சுட்டு, அப்போதே சூட்டோடு பிளந்தால் பொலபொலவென்று உதிர வேண்டும். இது மைக்ரோவேவில் சுடவைத்து ரப்பராக ஆகிவிட்டது. கிரீமும் அடித்து நுரைக்கவைத்த சாதாரண கிரீம், இங்கிலாந்தில் வைப்பது போலக் காய்ச்சித் திரட்டிய கெட்டி ஏடு இல்லை. நம் ஊர்ப் பாலேட்டை எடுத்து வைத்தால்கூட இதைவிடப் பொருத்தமாக இருக்கும். ஜாம் மட்டும் முதல் தரம். பேஷன் ஃப்ரூட் ஜாம், விதையோடு, புளிப்பும் இனிப்பும் சரியாக. இந்தப் பக்கத்து மலைப் பழம். அதை ஒரு பாட்டில் விலைக்குக் கேட்டேன், விற்பதில்லை என்றார்கள். விற்கலாம்.

ஸ்கோன் விஷயத்தில் இங்கிலாந்தில் ஒரு பழைய வழக்கு உண்டு. டெவன்காரர்கள் கிரீமை முதலில் தடவி அதன் மேல் ஜாம் வைப்பார்கள். பக்கத்துக் கார்ன்வால்காரர்கள் ஜாமை முதலில் தடவி மேலே கிரீம். இரண்டு ஊரும் ஒட்டியே இருக்கின்றன, ஆனால் ஒருவர் வழக்கத்தை இன்னொருவர் ஏற்கமாட்டார்கள். எனக்கு இது நன்றாகப் புரியும். போடிமெட்டு செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் வாழைக்காய் பஜ்ஜி: கடலைமாவு, மிளகாய்த்தூள், பெருங்காயம். அந்தப் பக்கம் போனதும் பழம்பொரி: பழுத்த நேந்திரம், மைதா, சர்க்கரை, மஞ்சள்தூள். ஒரே வாழை, ஒரே எண்ணெய்ச்சட்டி, ஒரு எல்லைக்கோடு. நாங்கள் இரண்டு பக்கமும் வாழ்ந்தவர்கள், எனக்கு இரண்டுமே வேண்டும். அன்றைக்கு ஸ்கோனிலும் ஒரு பாதியில் ஜாமை முதலிலும் மறு பாதியில் கிரீமை முதலிலும் போட்டுப் பார்த்தேன். ஜாம் கீழே இருந்தால் ஸ்கோனின் காய்ந்த தன்மை கொஞ்சம் மறைகிறது, அவ்வளவுதான் என் முடிவு.

மேல்தட்டில் சாக்லேட் பேஸ்ட்ரி, தேங்காய் பிஸ்கட், ஏலக்காய் கேக். முதல் இரண்டும் எங்கேயும் கிடைப்பவை. ஏலக்காய் கேக்கைப் பற்றி நான் கொஞ்சம் பேச வேண்டும், அது என் தொழில். பேக்கரிகளில் பெரும்பாலும் எசென்ஸ் போடுவார்கள், தொண்டையில் கசக்கும். அல்லது வாசனை போன பழைய தூள். இந்தக் கேக்கில் கறுப்பு விதை அரைகுறையாக நசுங்கி அங்கங்கே தெரிந்தது. பல்லில் பட்டதும் குளிர்ச்சியாக ஏறியது. தோல் பச்சை மாறாத நல்ல திரட்சிக் காயை அன்றன்று இடித்துப் போட்டால்தான் இப்படி வரும். பையனிடம் கேட்டதற்கு, சமையல்காரர் பூப்பாறையில் தெரிந்த தோட்டத்தில் நேராக வாங்குகிறார் என்றான். அந்தச் சமையல்காரர் ஸ்கோனையும் அப்படியே அன்றன்று சுட்டால் இந்த இடத்தை நான் ஊரெல்லாம் சொல்லுவேன்.

அம்மா கேக்கில் பாதிதான் சாப்பிட்டார். சாய்ந்து உட்கார்ந்து, கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு எதிர்மலையைப் பார்த்தார். அணைக்கு அந்தப் பக்கம், பாறைக்கு வலது கையில் ஒரு சரிவு. "பன்னெண்டாம் நம்பர் காடு" என்றார். எஸ்டேட்டில் தேயிலைப் பகுதியைக் காடு என்பார்கள். அங்கே அவர் கொழுந்து எடுத்திருக்கிறார். மழைக்குப் போர்த்தும் பிளாஸ்டிக் தாள், இடுப்பில் சாக்கு, அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பு. தூக்குவாளியில் கொண்டுபோன கட்டன் பத்து மணிக்கே ஆறிவிடும், செடிக்கு நடுவில் நின்றபடியே குடிப்பார்கள். "உக்காந்து டீ குடிச்ச ஞாபகமே இல்ல. உங்கப்பன் அங்க துரைக்கு ஊத்திக் கொடுக்கிற நேரம், நான் இங்க நிறுவையில நின்னுட்டு இருப்பேன். பங்களா ஓட்டுல புகை வந்தா டீ நேரம்னு தெரியும்" என்றார். நாங்கள் அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை, பில்லைக் கொண்டுவந்து முன்னால் வைக்கவில்லை. இதற்கு அவர்களைப் பாராட்டியே ஆக வேண்டும். நாலு மணி டீ என்று காசு வாங்கினால் நேரத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், இவர்கள் கொடுத்தார்கள்.

மூணாறுத் தேயிலை இங்கிலாந்து மேசைக்குப் போன வழி எங்கள் ஊர் வழி என்பதையும் இங்கே சொல்ல ஆசை. 1880 வாக்கில் பார்வதி எஸ்டேட்டில் ஏ.எச். ஷார்ப் என்பவர் தேயிலை நட்டார். பின்னாளில் மூணாறுப் பக்கத்து டாப் ஸ்டேஷனில் இருந்து கம்பிவட ரோப்வேயில் தேயிலைப் பெட்டிகள் கீழே கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து வண்டியில் போடிக்கு வரும். பிறகு தூத்துக்குடி, அப்புறம் கப்பல். நமக்கு டீ பழக்கம் வந்தது அதற்கெல்லாம் பிறகுதான். 1930-களில்கூட தேயிலை விற்பனையைப் பெருக்க அமைத்த குழுவின் ஆட்கள் ஊர் ஊராகப் போய் இலவசமாக டீ ஊற்றிக் கொடுத்துப் பழக்க வேண்டியிருந்தது.

திரும்பும்போது பூப்பாறையில் ஜீப்பை நிறுத்தச் சொன்னேன். டிரைவர் தம்பிக்குப் பசி, எனக்குப் பழம்பொரி ஆசை. மலையாளத்தில் இதற்கு அழகான பேர் உண்டு, 'நாலுமணிப் பலகாரம்'. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கும் வேலை விட்டு வருகிற ஆளுக்கும் வைத்துக் கொடுப்பது: இலையடை, சுகியன், பருப்புவடை, பழம்பொரி, சர்க்கரையும் தேங்காயும் பிசைந்த அவல். சீமாட்டி கதை தெரியாமலேயே கேரளத்து வீடுகளில் அந்த நேரத்துக்கு ஒரு பேரும் ஒரு தட்டும் இருக்கின்றன. கடையில் சாயா 15, பழம்பொரி 15. எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு பழைய செய்தித்தாளில் வைத்துக் கொடுத்தார் சேட்டன். அம்மா சாயா வேண்டாம் என்றார். "வாயில இன்னும் அந்த வாசம் இருக்கு, இருக்கட்டும்."

போகிறவர்களுக்குச் சில விஷயம். முதல் நாள் போன் செய்யும்போதே இலைத் தேயிலை வேண்டும், பாத்திரத்தைச் சூடுபடுத்திக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிடுங்கள். கேட்டால் மனசோடு செய்கிறார்கள். ஸ்கோனை மைக்ரோவேவில் வைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். ஜூன், ஜூலையில் போனால் மூடுபனியில் எதுவும் தெரியாமல் போகலாம். மழை பலமாக இருந்தால் மேலே ரோட்டில் மண் சரியும், விசாரித்துவிட்டுப் போவது நல்லது. ஐந்தரைக்கு மேல் அங்கே இருக்காதீர்கள், ஆனையிறங்கல் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. கழிப்பறை சுத்தமாக இருந்தது, ஆனால் இரண்டு படி இறங்க வேண்டும்.

நாற்காலி நாலு ஜோடி போட்டிருக்கிறார்கள். இடது கோடியில் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். அங்கிருந்து மட்டும்தான் தூணுக்கு மறையாமல் பன்னெண்டாம் நம்பர் காடு முழுசாகத் தெரியும்.